டிரம்முக்குள் குடிவந்த ஆந்தைகள்

அந்த ஊரில் மரவேலைக்கு என்று இருந்தது அவர் ஒருவர்தான். பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. மில்லிமீட்டர் என்று கேட்டால் வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விடுவார்கள். ஜன்னல் செய்யச் சொன்னால் ஜன்னலை அளப்பதற்கு முன்னால் சுவர் நேராக இருக்கிறதா என்று அளப்பார். கோணலாக இருந்தால் வீட்டுக்காரரை ஒரு பார்வை பார்ப்பார். அந்த மனிதர் தானே சாய்ந்து நிற்பதுபோல் சட்டென்று நிமிர்ந்துகொள்வார். வேலையில் ஒருத்தரும் குறை சொல்ல முடியாது. வேலை எந்த மாதம் முடியும் என்பதையும் ஒருத்தரும் சொல்ல முடியாது.

பொதுவாக நல்ல மனிதர். பக்கத்து வீட்டுக்காரர் மாடி எடுத்தபோது வயிறு எரியவில்லை, படிகளின் உயரம் ஒரே சீராக இருக்கிறது என்று பாராட்டிவிட்டு வந்தார். கூடப் படித்தவன் கார் வாங்கினான், அதையும் சுற்றிச் சுற்றி வந்து ரசித்தார். அவருடைய பொறாமை முழுவதும் ஒரே ஆளுக்கென்று சேர்த்து வைக்கப்பட்டிருந்தது. அந்த ஆள் அவருடைய மனைவியின் தம்பி.

மச்சான் வெல்டர். ஊரில் பொறி என்று கூப்பிடுவார்கள். கடைத்தெருவில் அவன் பட்டறையைக் கடந்து போகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டுதான் போவார்கள். அம்மா தவறிப்போன பிறகு அக்கா வீட்டில் வளர்ந்தவன். வந்த முதல் வாரத்திலேயே ஜன்னலோரம் மில்லிமீட்டர் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தான். சின்னப் பையன், போகட்டும் என்று இவர் எழுப்பவில்லை. பிறகு எழுப்புவதற்கு நேரம் வாய்க்கவேயில்லை. அவன் வளர்ந்து, பட்டறை போட்டு, தனி வீடு பார்த்துப் போன பிறகும், வந்தால் அங்கேதான் உட்கார்ந்தான். போதாக்குறைக்கு ஊரில் மரக்கதவு போட்டவர்கள் ஒவ்வொருவராக இரும்புக் கதவுக்கு மாறினார்கள். அதையெல்லாம்கூட அவர் தாங்கிக்கொண்டார். தாங்க முடியாதது மனைவியின் சிரிப்பு.

அவள் ஊருக்குத் தபால் கொடுப்பவள். நாள் முழுக்க சைக்கிள் மிதித்துவிட்டு வந்தாலும் தம்பி ஏதாவது சொன்னால் தொடையைத் தட்டிக்கொண்டு சிரிப்பாள். கணவர் சொன்னதற்கும் அவள் சிரித்தது உண்டு. ஆனால் தொடையைத் தட்டியதில்லை. இருபது வருட வாழ்க்கையில் ஒரு தடவைகூட இல்லை.

இந்த நிலைமையில்தான் ஆந்தை விஷயம் வந்து சேர்ந்தது.

ஊரில் டீச்சர் ஒருவர் இருந்தார். ஓய்வு பெற்ற பிறகு சும்மா இருக்கப் பிடிக்காமல், ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நூலகத்தின் பின்அறையில் நாலு பேரைச் சேர்த்து ஊர் உயிர்க் குழு என்று ஒன்றை ஆரம்பித்தார். ரோட்டைக் கடக்கிற ஆமையைத் தூக்கிக் குளத்தில் விடுவது, மரக்கிளைகளில் சிக்கிய நைலான் நூலை எடுப்பது, கோடையில் பறவைகளுக்குத் தண்ணீர் வைப்பது என்று சின்னச் சின்ன வேலைகள். தபால்காரம்மா முதலில் சேர்ந்தாள். கணவரையும் தம்பியையும் அவள்தான் இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தாள். அந்த வருடம் ரோட்டை அகலப்படுத்தப் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருந்த பெரிய மரத்தை வெட்டினார்கள். அதன் பொந்தில் பல வருடமாக ஒரு ஜோடி ஆந்தை இருந்தது. ஆப்பிளை நெடுக்கே பிளந்து வைத்த மாதிரி வெள்ளை முகம் கொண்டவை. மரம் போனதும் அவையும் போயின. அவை போனதும் வயலில் எலிகள் தலைகால் தெரியாமல் ஆடின. பொந்து இல்லாவிட்டால் பெட்டி வைக்கலாம், வேறு ஊர்களில் வைத்திருக்கிறார்கள் என்றார் டீச்சர். அவர் சொல்லி முடித்ததும் எல்லோரும் திரும்பிப் பார்த்தது மில்லிமீட்டரை.

அந்த ஒரு நிமிடத்தில் அவருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. மச்சானும் அதே வரிசையில்தான் உட்கார்ந்திருந்தான். அவனை ஒருத்தரும் பார்க்கவில்லை.

நான்கு பெட்டி செய்தார். இடித்த வீட்டின் பழைய கதவு ஒன்றை நல்ல விசேஷத்துக்காகப் பரணில் வைத்திருந்தார், அதை இறக்கினார். ஒரு ஆணித்தலைகூட வெளியே தெரியவில்லை. மூலைகளைப் பல்லுக்குப் பல் கோர்த்துப் பூட்டினார். மழை உள்ளே இறங்காமல் சரிந்த கூரை, குஞ்சுகள் விளிம்புக்கு வந்துவிடாமல் உள்ளே ஒரு குறுக்குத் தடுப்பு, சுத்தம் செய்யப் பக்கவாட்டில் ஒரு சின்னக் கதவு. அந்தக் கதவை மூடினால் கோடுகூடத் தெரியாது. அவருடைய மரப்பட்டறைக்கு ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். தபால்காரம்மா தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு ஒரு பெட்டியைத் தடவிப் பார்த்தாள். நம் வீட்டு அலமாரிகூட இவ்வளவு அழகாக இல்லையே என்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு இழைத்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

பெட்டிகள் தயாரான ஞாயிற்றுக்கிழமை பொறியும் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். பழைய எண்ணெய் டிரம். ஒரு பக்கத்தில் நெருப்பால் ஓட்டை போட்டு, விளிம்பை அரைகுறையாகத் தேய்த்து, மிச்சம் கிடந்த பெயின்ட்டைப் பூசியிருந்தான். பாதி நீலம், அது தீர்ந்த இடத்திலிருந்து பச்சை. சும்மா கிடந்தது, வைத்துப் பார்க்கலாமே என்றான். மில்லிமீட்டர் அன்றைக்குப் பெருந்தன்மையாக நடந்துகொண்டார். வைக்கட்டும், தப்பில்லை என்று அவரே எடுத்துச் சொன்னார். பெட்டிகளை வயலைச் சுற்றிக் கம்பங்களில் ஏற்றினார்கள். வயல் ஓரத்து மோட்டார் அறைச் சுவரில் டிரம்மைப் படுக்கவைத்து மாட்டினார்கள். மாட்டும்போது ஏணியைப் பிடித்ததும் அவர்தான்.

பிறகு காத்திருந்தார்கள்.

தினமும் காலையில் மில்லிமீட்டர் சைக்கிளை எடுத்துக்கொண்டு நான்கு பெட்டிகளையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வருவார். முதல் பெட்டியில் தேனீக்கள் வந்தன. இரண்டாவதில் அணில் குடும்பம் குடியேறி, உள்ளே இருந்த தடுப்பைக் கடித்து அகலமாக்கிக்கொண்டது. மூன்றாவதில் ஒரு மைனா ஜோடி சேர்ந்து குப்பையாகக் கொண்டுவந்து அடைத்தது. நான்காவதுதான் அவருடைய செல்லம், மற்ற மூன்றும் கைபழகச் செய்தவை என்றுகூடச் சொல்லலாம். அதில் எதுவுமே வரவில்லை. சிலந்திகூட வலை கட்டவில்லை. கடைத்தெருவில் ஒருவர், உங்கள் அணில் பங்களாவில் வாடகைக்கு இடம் இருக்கிறதா என்று கேட்டார். அவரும் சிரித்துவைத்தார்.

ஒரு மத்தியானம் மனைவி சைக்கிளை ஸ்டாண்டு போடாமலே சாய்த்துவிட்டு உள்ளே ஓடிவந்தாள். ஆந்தை வந்துவிட்டது என்றாள். அவர் கையில் இருந்த உளியைக் கீழே வைத்தார். நான்காவது பெட்டியா என்று கேட்க வாயெடுப்பதற்குள் அவள் சொல்லிவிட்டாள்:

"தம்பியோட டிரம்ல."

அவர் போய்ப் பார்த்தார். போகாமல் இருந்திருக்கலாம். மோட்டார் அறைக்கு எதிரே நின்று அண்ணாந்து பார்த்தபோது, வெட்டின விளிம்பு நெளிநெளியாக இருந்த அந்த ஓட்டைக்குள்ளிருந்து வெள்ளை முகம் ஒன்று அவரையே பார்த்தது. அவசரமில்லாமல், வீட்டுக்காரி ஜன்னல் வழியே தெருவைப் பார்ப்பதுபோல் பார்த்தது. ஒரு கோடுகூட நேராக இல்லை. அடியில் பெயின்ட் வழிந்து காய்ந்திருந்தது. இதில் என்ன கண்டாய் என்று அவர் மனசுக்குள் கேட்டார். மனிதர்கள் அவனை நாடிப் போனபோதெல்லாம் அவரிடம் ஒரு சமாதானம் இருந்தது: இரும்பு மலிவு, சீக்கிரம் கிடைக்கும், மனிதர்களுக்கு நல்லது எது என்று தெரியாது. ஆந்தைக்கு மலிவு தெரியாது, அவசரம் கிடையாது, பொறியின் நகைச்சுவையும் புரியாது. எல்லாவற்றையும் பறந்து பார்த்துவிட்டு அது அவனைத் தேர்ந்தெடுத்திருந்தது. அதுதான் அவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

அதன் பிறகு ஊரே பொறியைக் கொண்டாடியது. முட்டை வைத்தது, குஞ்சு பொரித்தது, ஐந்து குஞ்சு என்று ஒவ்வொன்றுக்கும் அவன்தான் ஏதோ பிரசவம் பார்த்தவன் மாதிரி அவன் கையைக் குலுக்கினார்கள். அவனும் கூச்சப்பட்டுக்கொண்டே எல்லோருக்கும் தேநீர் வாங்கிக்கொடுத்தான். செய்தித்தாள்காரர் ஒருவர் வந்து படம் எடுத்தார். டிரம்முக்குக் கீழே பொறி, பக்கத்தில் டீச்சர், அவர்களுக்குப் பின்னால் தபால்காரம்மா. மில்லிமீட்டரும் வரிசையில் நின்றார். அச்சில் வந்தது அவருடைய முழங்கை மட்டும். அந்தப் படத்தை மனைவி வெட்டி அலமாரிக் கதவில் ஒட்டினாள். கல்யாணத்துக்காக அவர் தன் கையால் செய்த அலமாரி அது. தினமும் சட்டை எடுக்கும்போது மச்சானின் பல்வரிசையைத் திறந்து மூட வேண்டியிருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இன்னும் ஆறு டிரம் வைப்பதென்று முடிவாயிற்று. அவருடைய பெட்டிகளைப் பற்றி டீச்சர் மறக்காமல் ஒரு வார்த்தை சொன்னார். அணில்களுக்கும் வீடு வேண்டும்தானே என்றார். நல்ல மனசோடு சொன்னதுதான், ஆனாலும் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பனி போய் வெயில் ஏறத் தொடங்கியது. ஒரு நாள் காலைச் சுற்றில், சுற்றிலும் யாருமில்லை என்று பார்த்துவிட்டு, மோட்டார் அறையில் சாய்த்திருந்த ஏணியில் ஏறி டிரம்மின் மேல் உள்ளங்கையை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்தார். காலை வெயிலுக்கே இந்தச் சூடு. இன்னும் சில நாளில் இது என்ன ஆகும் என்பது பொருள்களோடு பழகிய அவர் கைக்கு நன்றாகத் தெரிந்தது. மரத்துக்குள் நிழல் தங்கும். இரும்புக்குள் வெயில்தான் தங்கும். பொறிக்கு இது தோன்றியிருக்காது. அவன் நாள் முழுக்க நெருப்போடு இருப்பவன், அவனுக்கு எல்லாமே கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும்.

சொல்லியிருக்கலாம். தன் பட்டறைக்குப் போகிற வழியில்தான் அவன் பட்டறையும் இருந்தது. ஆனால் அவர் அந்த வழியாகப் போகாமல் சுற்றிப் போனார். போகப்போக மனசு வேறு வேலை செய்தது. டிரம் சரிப்படாமல் ஆந்தைகள் இடம் மாறி நான்காவது பெட்டிக்கு வருவதுபோல் நினைத்துப் பார்த்தார். அப்போது டீச்சர் கேட்பார், தான் தொண்டையைச் செருமிக்கொண்டு, நான் அப்போதே சொன்னேனே என்று சொல்லலாம். இந்த வாக்கியம் அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. மரத்தை இழைத்துக்கொண்டே அதைப் பல தொனிகளில் சொல்லிப்பார்த்தார். பாதி இழைத்தபோதுதான் ஒரு சிக்கல் தட்டுப்பட்டது. அப்போதே சொன்னேன் என்று சொல்ல வேண்டுமென்றால் இப்போது யாரிடமாவது சொல்லியிருக்க வேண்டும்.

அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். நூலகத்தைப் பார்த்துக்கொண்ட பெரியவருக்கு இரண்டு காதும் மந்தம். அவரிடம் போய், பத்திரிகையைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே, இரும்பு சூடாகும், குஞ்சுகள் தாங்காது என்று சாதாரணக் குரலில் சொன்னார். பெரியவர் தலையாட்டி, நேற்றே வந்துவிட்டது, மேசைமேல் இருக்கிறது பாருங்கள் என்றார். மில்லிமீட்டர் மேசையிலிருந்து புதுப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கணக்கு நேராகிவிட்டதாக அவருக்கு ஒரு நிம்மதி. அது இரண்டு நாள்தான் நின்றது.

மூன்றாம் நாள் வெயில் திடீரென்று கொளுத்தியது. உச்சிப் பொழுதில் மனைவி வந்தாள். தபால் பை தோளிலேயே இருந்தது, முகம் வெளிறியிருந்தது. தாய் ஆந்தை பட்டப்பகலில் வெளியே வந்து மோட்டார் அறை உத்தரத்தில் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறதாம். குஞ்சுகள் ஓட்டை விளிம்பில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடக்கின்றனவாம். தம்பி ஈரச் சாக்கு போட்டுப்போட்டுப் பார்க்கிறான், போட்ட வேகத்தில் காய்ந்துவிடுகிறது என்றாள்.

அவர் வாயிலிருந்து அது தானாக வந்தது. அத்தனை நாள் பழகிய வாக்கியம் அல்லவா.

"நான் அப்பவே சொன்னேன்."

"யார்கிட்ட?"

"லைப்ரரிப் பெரியவர்கிட்ட."

பெரியவருக்குக் காது கேட்காது என்பது அவருக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியும். ஊரில் ஒவ்வொருத்தர் வாசலிலும் நின்று பேசுகிறவள், சொல்லாமல் விட்டதைக் கண்டுபிடிக்க அவளுக்கு நேரம் பிடிக்காது. கோபப்பட்டிருந்தால் அவரும் பதிலுக்குக் கோபப்பட்டுத் தப்பித்திருப்பார். அவள் கோபப்படவில்லை. மெதுவாகத்தான் கேட்டாள்.

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

அவர் கருவிப் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

வழியில் நான்காவது பெட்டி இருந்தது. டிரம்முக்கு நிழல் கட்டப் புதிதாகப் பலகை அறுத்து இழைக்க நேரமில்லை. கையில் பக்குவப்பட்ட பலகை வேறு இல்லை. கம்பத்தில் ஏறி அதை இறக்கினார். தரையில் வைத்துப் பூட்டுகளைத் தட்டிக் கழற்றியபோது அவை லேசில் விடவில்லை. அவ்வளவு இறுக்கமாகச் செய்திருந்தார். ஒரு மூலை பிளந்தேவிட்டது. அதைப் பார்க்காமல் பலகைகளைச் சைக்கிளில் கட்டினார்.

மோட்டார் அறையில் பொறி ஏணியின் உச்சியில் நின்றிருந்தான். முழங்கைவரை ஈரம், கண்ணெல்லாம் சிவப்பு. இவரைக் கண்டதும் இறங்கி வந்தான்.

"எனக்கு இது தோணவே இல்ல மாமா. உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா நீங்களாவது சொல்லியிருப்பீங்க."

அதைவிட ஒரு அறை விட்டிருக்கலாம் என்று அவருக்கு இருந்தது. ஏணியைப் பிடி என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறினார்.

டிரம்முக்கும் பலகைக்கும் நடுவே காற்றுப் போக இடம் விட்டு மரத்தால் ஒரு சட்டை போடுவதுபோல் போட்டார். பெட்டியின் சரிந்த கூரை டிரம்மை மூடப் போதவில்லை. மச்சான் மோட்டார் அறைக்குள் கிடந்த தகரத்தை எடுத்து வளைத்து நீட்டித் தந்தான். எங்கே தாங்கு கொடுக்க வேண்டும் என்று இவர் சொல்வதற்குள் அவன் கம்பியை வளைத்து நீட்டினான். சுத்தியல் சத்தத்துக்கு ஆந்தை பறந்துவிடுமோ என்று பயந்தார், அது உத்தரத்தைவிட்டு அசையவில்லை. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அவர் எதையும் அளக்காமல் ஆணி அடித்தார்.

நிழல் விழுந்ததும், கை பொறுக்கும் அளவுக்குச் சூடு தணிந்ததும், ஓட்டை வழியே உள்ளே பார்த்தார். பஞ்சுப் பந்துகள் மாதிரி நான்கு குஞ்சுகள் வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. கடைசிக் குஞ்சு, எல்லாவற்றிலும் சின்னது, டிரம்மின் அடியில் ஒட்டினாற்போல் கிடந்தது. அது மூச்சு வாங்கவில்லை. அவர் கையை விட்டு அதை எடுத்தார். எடையே இல்லை. தோள் துண்டில் வைத்துக்கொண்டு இறங்கினார்.

துண்டைப் பார்த்ததும் பொறி தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டான். அவ்வளவு பெரிய உடம்பு குலுங்கிக் குலுங்கி அழுதது. அதற்குள் வந்து சேர்ந்திருந்த தபால்காரம்மா அவன் பக்கத்தில் உட்கார்ந்து, சின்ன வயதில் செய்வதுபோல் அவன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். மில்லிமீட்டர் ஒரு கையில் சுத்தியலும் ஒரு கையில் துண்டுமாக நின்றார். அந்தச் சாவுக்கு யார் காரணம் என்று அவருக்குத் தெரியும். தெரிந்திருந்தும், அந்த நேரத்திலும், அழுவதற்கு அவனுக்கு ஒரு தோள் இருக்கிறதே என்று உள்ளே ஒரு ஓரத்தில் சுருக்கென்று குத்தியது. தன்னைப் பார்த்தே அவருக்குப் பயமாக இருந்தது. வரப்பு ஓரம் போய் உளியாலேயே ஒரு குழி தோண்டிக் குஞ்சைப் புதைத்தார்.

சாயங்காலம் பொறி கிளம்பும்போது அவனை நிறுத்தினார். இன்றைக்குச் சொல்லாவிட்டால் பிறகு எப்போதும் சொல்ல வராது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"சூடாகும்னு எனக்கு முன்னாடியே தெரியும்டா. கை வச்சுப் பார்த்தேன். உனக்குச் சொல்ல மனசு வரலை."

பொறி அவரையே பார்த்தான். புரிய நேரமாயிற்று. புரிந்த பிறகு திரும்பி நடந்துவிட்டான். இரண்டு ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் பக்கம் வரவில்லை. ஜன்னலோரம் காலியாக இருந்தது. மில்லிமீட்டர் அங்கே உட்கார்ந்து பார்த்தார். வெயில் நேராக முகத்தில் அடித்தது. இத்தனை வருடம் இதற்கா ஏங்கினோம் என்று எழுந்து பழைய இடத்துக்கே வந்துவிட்டார்.

மூன்றாம் வாரம் அவனே வந்தான். டீச்சர் சொல்லி அனுப்பியிருந்தார். புதிதாக வைக்கப்போகிற ஆறு டிரம்முக்கும் மரச்சட்டை வேண்டும், இரண்டு பேரும் சேர்ந்து செய்தால்தான் ஆகும், சண்டை போட்டுக்கொண்டாலும் சேர்ந்தே போட்டுக்கொள்ளுங்கள் என்று உத்தரவு. சண்டை போட்டுக்கொண்டே செய்தார்கள். இவர் அளந்து முடிப்பதற்குள் அவன் வெட்டிவிடுவான், அவன் வெட்டியதை இவர் திரும்ப வெட்டச் சொல்வார். நடந்ததைப் பற்றி அவன் பிறகு வாயே திறக்கவில்லை. ஆனால் இவர் ஏதாவது சரியாக இருக்கிறது என்று சொன்னால், நிஜமாகவா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டுக்கொண்டான். அந்தச் சந்தேகம் போக வருடம் பிடித்தது.

நான்கு குஞ்சுகளும் இறகு முளைத்துப் பறந்துபோயின. ஊர் அவற்றைப் பொறியின் ஆந்தைகள் என்றுதான் இன்றுவரை சொல்கிறது. மரச்சட்டை போட்டது யார் என்று கேட்டால் யோசித்து, அவங்க மாமாவோ யாரோ என்பார்கள்.

அவருக்கு அது இன்னும் வலிக்கத்தான் செய்கிறது. ஒரே ஒரு வித்தியாசம், இப்போது அதை மறைப்பதில்லை. அந்தக் கோடைக்குப் பிறகு மனைவியிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுவது என்று வைத்துக்கொண்டார். வேறு ஆள்கள் தலை வலிக்கிறது என்று சொல்வார்களே, அந்த மாதிரி. போன வாரம்கூட, ஆந்தைகளைப் பார்க்க வெளியூரிலிருந்து பள்ளிப் பிள்ளைகள் வந்து பொறியைச் சூழ்ந்துகொண்டு கேள்வி கேட்டுவிட்டுப் போனார்கள். மில்லிமீட்டர் வீட்டுக்கு வந்து சைக்கிளை நிறுத்தினார்.

"இன்னிக்கு எனக்கு ரொம்பப் பொறாமையா இருக்கு."

தபால்காரம்மா அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்தாள்.

"எவ்வளவு? அளந்து சொல்லுங்க."

அவர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். பிறகு கொஞ்சம் யோசித்து, நியாயமாக இருக்க வேண்டும் என்று, இடது கையை மட்டும் ஒரு விரற்கடை உள்ளே நகர்த்தினார். அவள் சிரித்துக்கொண்டே, சாப்பாடு ஆறுகிறது, கை கழுவிவிட்டு வாருங்கள் என்றாள்.